இமையடி நோய்களும் ஊர்விட்டு வந்த மக்களும்

ஒரு நோயை அபூர்வமானது என்று வைத்திய சாஸ்திரம் வகைப்படுத்தும்போது, எந்த ஊரில் நின்றுகொண்டு அது அவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதை நாம் கேட்டாக வேண்டும். மூக்கிலும் கண்ணிமையின் உட்புறத்திலும் செந்நிறத் தசைக்கட்டியாக வளரும் ரைனோஸ்போரிடியம் நோயை லண்டன் மாநகரத்துக் கண்மருத்துவர் ஒருவர் தம் உத்தியோக காலம் முழுவதிலும் ஒரு முறைகூடக் காணாமல் ஓய்வு பெற்றுவிடலாம். சிவகங்கைச் சீமையிலும் ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரை ஊர்களிலும் வைத்தியம் பார்ப்பவருக்கோ அது பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லக்கூடிய பழைய நோய். விழிவெண்படலத்தையும் இமைகளையும் பற்றும் அரிய வியாதிகள், ஒட்டுண்ணித் தொற்றுகள் என்று புத்தகங்கள் ஒதுக்கி வைக்கும் அத்தியாயத்தை ஆராயப் புகுந்தால், அவற்றுள் பெரும்பாலானவை தத்தம் நீர்நிலையோடும், கால்நடையோடும், பூச்சியோடும் ஒட்டி வாழ்பவை என்றும், அந்த நீரையும் மந்தையையும் விட்டு மனிதன் வெகுதூரம் வந்துவிட்ட பிறகே அவை அபூர்வம் ஆகின்றன என்றும் எனக்குத் தோன்றுகிறது.

இந்த விஷயத்தை நெருப்பெரிச்சலில் இருந்துகொண்டு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. திருப்பூருக்கு வடக்கே வானம்பார்த்த மேட்டுக்காடாகக் கிடந்து, தனி ஊராட்சியாக இருந்து, 2011இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட இவ்வூரில் இன்று காட்டை விடப் பனியன் கம்பெனிகளே மிகுதி. கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங் என்று ஒவ்வொரு மேஜையிலும் நிற்கிறவர்களை விசாரித்தால், ஒருவர் பரமக்குடிப் பக்கம், ஒருவர் மானாமதுரை, ஒருவர் தேனி, அடுத்தவர் மேற்கு ஒடிசா, அதற்கடுத்தவர் சத்தீஸ்கர் அல்லது வங்காளத்துப் புருலியா என்று சொல்வார்கள். ரைனோஸ்போரிடியம் நோய் இந்தியாவில் வேரூன்றியிருக்கும் பிரதேசங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டால், இதே பெயர்களில் பலவற்றை அதிலும் காணலாம். குளத்தை ஊரிலேயே விட்டுவிட்டு, அந்தக் குளத்தில் ஏற்ற நோயை மட்டும் உடலில் சுமந்து, அதை அறியாத ஊருக்கு ஒருவர் வந்து சேர முடியும் என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

நோய்களுக்குள் புகுமுன் அவை குடியேறும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணின் வெண்பகுதியை மூடி, மேலும் கீழும் மடிந்து திரும்பி, இமைகளின் உட்புறத்தை விரிப்பாகப் போர்த்தியிருக்கும் மெல்லிய, ஈரமான சவ்வே விழிவெண்படலம். அது மடிந்து திரும்புகிற ஆழமான குழிவு நமக்கு வெளியே தெரிவதில்லை. கீழிமையை விரலால் தாழ்த்தினால் பாதி தெரியும், மேலிமையைப் புரட்டினாலன்றி மற்றது தெரியவே தெரியாது. தூசும், பஞ்சும், புழுவும், பூச்சியின் குஞ்சும் ஒளிந்துகொள்ளும் இடம் அதுவே. பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவருக்குக் கண் சிவந்தால், “பஞ்சு விழுந்திருக்கும்” என்பதுதான் சூபர்வைசர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரும் சொல்லும் காரணம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்துவிடுகிறது. அதனாலேயே உண்மையல்லாத சில சமயங்களில் எவரும் இமையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

ரைனோஸ்போரிடியம் நோயைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1900இல் அர்ஜென்டினாவின் போனஸ் அயர்ஸ் நகரத்தில் கில்லெர்மோ ஸீபர் என்னும் மருத்துவர் மூக்குக்கட்டி ஒன்றில் இதன் கிருமியைக் கண்டு விவரித்தார். 1903இல் கல்கத்தாவில் ஓகினீலி என்னும் ராணுவ மருத்துவர் இந்திய நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார். 1923இல் எடின்பரோவில் ஆஷ்வொர்த் இதன் வளர்ச்சிப் பருவங்களை விரிவாக ஆராய்ந்து, இதைப் பூஞ்சை இனத்தில் சேர்த்து, ஸீபரின் பெயரையே இதற்கு நிலைக்கச் செய்தார். அதன்பின் ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் உலகம் இதைப் பூஞ்சை என்றே நம்பியிருக்க, 1999இல் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், இது பூஞ்சையே அன்று, மீன்களைப் பற்றும் சில ஒட்டுயிர்களோடு உறவுடையது, விலங்குக்கும் பூஞ்சைக்கும் இடைப்பட்ட கிளையில் நிற்பது என்று காட்டினார்கள். அந்த ஆராய்ச்சியில் பங்கு கொண்டவர்களுள் ஒருவர் இலங்கைப் பேராதனையைச் சேர்ந்த அர்சகுலரத்ன. அதற்கு முன்பே, 1964இல், இந்நோய் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதி வெளியிட்டவர் கருணாரத்ன என்னும் மற்றோர் இலங்கையர். இந்நோயாளிகளுள் மிகப் பெரும்பாலோர் இந்தியாவையும் இலங்கையையும் சேர்ந்தவர்களாதலால், இதைப் பற்றிய அறிவிலும் இவ்விரு நாட்டாரின் பங்கு கணிசமாக இருப்பது இயல்பே. இத்தனைக்குப் பிறகும், இக்கிருமியைச் சோதனைச்சாலையில் செயற்கை ஊட்டத்தில் வளர்க்கும் உபாயம் கைகூடவில்லை. வளர்க்க முடியாத கிருமிக்கு மருந்தைச் சோதித்துப் பார்ப்பது கடினம் என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கண்ணில் இது தோன்றும் விதம் இவ்வாறு. கீழிமையையோ மேலிமையையோ புரட்டினால், காம்புடனோ தட்டையாகவோ, சிவந்து, மென்மையாய், தொட்டால் எளிதில் ரத்தம் கசியும் ஒரு தசைவளர்ச்சி தெரிகிறது. உடுமலைப் பக்கத்துப் பட்டுப்புழு விவசாயிகள் அறிந்த மல்பெரிப் பழத்தைப் போல அதன் மேற்பரப்பு சொரசொரப்பாய் இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன்மேல் குண்டூசி முனையளவு வெண்புள்ளிகள் தூவியது போலக் காணப்படும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் கிருமியின் முற்றிய வித்துப்பை. அதற்குள் ஆயிரக்கணக்கான வித்துகள் அடங்கியிருந்து, பை வெடிக்கும்போது சுற்றிலும் சிதறுகின்றன. நோயாளிக்கு வலி அநேகமாக இராது. நீர் வடியும், ஏதோ உறுத்தும், சில நாள் ரத்தம் தோய்ந்த கண்ணீர் கைக்குட்டையில் படும், அவ்வளவுதான். கண்ணீர்ப்பையைப் பற்றினாலோ, மூக்கின் ஓரம் வீங்கி, சாதாரணக் கண்ணீர்ப்பை அடைப்பாகவே நடிக்கும். அதை அடைப்பு என்று எண்ணி மூக்குக்கு வழி திறக்கும் வழக்கமான அறுவையைச் செய்துவிட்டால் நோய் மூக்கிலும் பரவ இடம் கொடுத்ததாகும். ஆகையால் அங்கே பையையே முழுவதும் எடுத்துவிடுவது முறை. வெண்விழியின் மேலேயே கட்டி அமர்ந்துவிட்டால் அடியிலுள்ள வெள்விழிச் சுவர் மெலிந்து புடைக்கவும் கூடும். கட்டியை அடியோடு அறுத்து, அது வேர்கொண்டிருந்த இடத்தைச் சுட்டுவிடுவதே பிரதான சிகிச்சை. தொழுநோய்க்கு வழங்கும் டாப்சோன் மாத்திரையைத் துணையாகக் கொடுப்பதும் உண்டு. அரைகுறையாக வெட்டினால் திரும்ப வளரும்.

தொற்றும் வழி தேங்கிய நீர் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகிறார்கள். ஊருணியிலும் கண்மாயிலும் மாடுகளோடு சேர்ந்து முங்கிக் குளிப்பவர்களிடமும், ஆற்றில் நீருக்குள் நின்று மணல் அள்ளுபவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது. வறண்ட பிரதேசங்களில் கண்ணைப் பற்றுவது அதிகமாதலால் புழுதியும் இதைக் கொண்டுவரும் என்று எண்ணுகிறார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இது தொற்றுவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கம்பெனி விடுதியில் ஒரே அறையில் படுத்திருக்கிறவர்கள், கண்ணில் கட்டியோடு இருக்கும் சக தொழிலாளியை விலக்கி வைக்க யாதொரு காரணமும் இல்லை.

குளத்து நீரோடு சேர்ந்த இரண்டாவது விஷயம் நம் மாநிலத்திலேயே கண்டறியப்பட்டது. கிராமத்துக் குளங்களில் நீந்தி விளையாடிய குழந்தைகள் கண் சிவப்போடும், விழிவெண்படலத்தில் வெளிர்மஞ்சள் நிறச் சிறு முடிச்சுகளோடும், சிலர் கண்ணின் உள்ளறையிலேயே வெண்ணிற முடிச்சுகளோடும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார்கள். காசநோய் என்று எண்ணி வைத்தியம் செய்யத் தூண்டும் தோற்றம் அது. டாக்டர் எஸ். ஆர். ரத்தினம் முதலானோர் விடாது தொடர்ந்து ஆராய்ந்து, ஒரே கிராமக் குளத்தில் குளித்தவர்களிடையே கூட்டமாகத் தோன்றிய முடிச்சுகளைப் பற்றி 2001இல் எழுதினார்கள். முடிச்சுகளுக்குள் தட்டைப்புழு ஒன்றின் சிதைந்த உடற்பகுதிகள் இருந்தன. குளத்து நத்தைகளைப் பிடித்து ஆராய்ந்து, மரபணுவை ஒப்பிட்டு, அந்தப் புழு புரோசெரோவம் வேரியம் என்று பெயர் சொல்லும் நிலைக்கு வர 2016 ஆயிற்று. இப்புழு வயது முதிர்வது நீர்ப்பறவையின் குடலில். அதன் முட்டை எச்சத்தோடு குளத்தில் விழுந்து, நீண்டு கூம்பிய ஓடுடைய மெலனாய்டெஸ் நத்தைக்குள் வளர்ந்து, வாலுள்ள நுண்குஞ்சாக வெளியேறி, மீனைத் தேடி நீந்துகிறது. மீனைப் பறவை உண்ண, வட்டம் முற்றுப் பெறுகிறது. கண் திறந்து முங்கும் குழந்தையை அது மீன் என்று எண்ணி நுழைந்துவிட்டால், மேலே வளரவும் மாட்டாமல் திரும்பவும் மாட்டாமல் அங்கேயே மடிகிறது. மடிந்த உடலைச் சூழ்ந்து குழந்தையின் கண் முடிச்சு கட்டுகிறது. உள்ளறையில் நேர்ந்தால் பார்வைக்கே ஆபத்து.

குழந்தைகள் ஏன் பெரும்பாலும் ஒரு பக்கத்து ஊர்களிலிருந்தே வருகிறார்கள், ஏன் நீந்துகிறவர்களுக்கே வருகிறது என்று கேட்டவர்கள் இல்லாதிருந்தால், காரணம் தெரியாத கண்ணழற்சி என்ற ஏட்டுப் பெயரோடு இது இன்னும் கிடந்திருக்கும். சிகிச்சை அறையை விட்டு இறங்கிக் குளத்து நத்தையைப் பொறுக்கப் போன மருத்துவத்தை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

நெருப்பெரிச்சல் பக்கத்தில் குளத்தை விடப் பாறைக்குழிகளே அதிகம். கல் வெட்டி எடுத்தபின் மழைநீர் தேங்கி நிற்கும் ஆழமான பள்ளங்கள் அவை. சிலவற்றில் மாநகரத்துக் குப்பையையும் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். நொய்யல் சாயநீரால் கெட்டு, 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்குப் போனதன் பிறகு, ஆற்றில் இறங்கிக் குளிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அற்றுப்போயிற்று. விடுமுறை நாளில் அவர்கள் தேடிப் போவது கிணறும் பாறைக்குழியுமே. நத்தையும், பறவையும், தேங்கிய நீரும் கூடும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு முங்கும்படியும், குளித்து வந்தபின் நல்ல நீரால் முகம் கழுவும்படியும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

நாயையும் கொசுவையும் சார்ந்த ஒரு புழுவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்பது நாயின் தோலடியில் வாழும் நூல்புழு. நாயைக் கடித்த கொசு மனிதனைக் கடிக்கையில் அது இடம் மாறுகிறது. கேரளத்திலும் இலங்கையிலும் இது கணிசமாகக் காணப்படுகிறது. விழிவெண்படலத்தின் அடியில் விரலளவு நீளமுள்ள வெண்ணூல் ஒன்று நெளிவதைக் கண்ணாடியில் தாமே பார்த்துவிட்டு நோயாளி நடுங்கிப்போய் வருவது உண்டு. ஆனால் சிறு கீறல் இட்டு முழுப் புழுவையும் உருவி எடுத்துவிட்டால் அநேகமாக வேறு மருந்து வேண்டியதில்லை. மனித உடலில் அது பெருகுவதில்லையாதலால், வீட்டாருக்குப் பரவுமோ என்ற அச்சத்துக்கும் இடமில்லை.

இனி, கொங்கு நாட்டின் சொந்த விஷயம் ஒன்று உண்டு. காங்கேயம், தாராபுரம் பக்கங்களில் கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரம் நிற்க, கொழுக்கட்டைப்புல் விளைய விடும் கொறங்காடுகளில் செம்மறிப் பட்டிகள் மேய்கின்றன. செம்மறியின் மூக்கைத் தன் குஞ்சுகளுக்கு வீடாகக் கொண்ட ஒருவகை ஈ உண்டு. ஈஸ்ட்ரஸ் ஓவிஸ் என்பது அதன் சாஸ்திரப் பெயர். முதிர்ந்த ஈக்கு உண்ணும் வாயே இல்லை. முட்டையும் இடாமல், பறந்துகொண்டே, பொரித்த குஞ்சுகளைத் துளித் திரவத்தோடு ஆட்டின் மூக்கருகே பீய்ச்சிவிட்டுப் போகிறது. அது சில சமயம் குறி தவறி மேய்ப்பவரின் கண்ணிலோ, பட்டி ஓரமாய் மோட்டார் சைக்கிளில் போகிறவரின் கண்ணிலோ பட்டுவிடுகிறது. ஏதோ ஒன்று சடாரென்று கண்ணில் மோதிற்று என்று அவர் தெளிவாகச் சொல்வார். சில மணி நேரத்தில் கண் சிவந்து, நீர் கொட்டி, உள்ளே ஊர்வது போன்ற உணர்ச்சி தாளமுடியாததாகிறது. மருத்துவர் ஸ்லிட் லாம்ப் என்னும் கண்பரிசோதனை நுண்ணோக்கி வழியே பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள, கண்ணாடி போன்று ஒளிபுகும், தலைப்பக்கம் இரண்டு கறுத்த கொக்கிகளோடு கூடிய புழுக்கள், வெளிச்சம் பட்டதும் இமையடிக் குழிவுக்குள் ஓடி ஒளிவதைக் காணலாம். ஒளிந்துவிடுவதாலேயே முதல் பார்வையில் தப்பிவிடுகின்றன. மெட்ராஸ் ஐ என்று எழுதிச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டை விட்டால் கொக்கியின் பிடி தளரும். நுண்ணிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, மேலிமையையும் புரட்டித் தேடி, மறுநாள் மீண்டும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். மனிதக் கண்ணில் இவை முதல் பருவத்துக்கு மேல் வளர்வதில்லை. எடுத்துவிட்டால் நோயாளி அன்றே தெளிகிறார். ஆட்டுப்பட்டியும், கன்னிவாடி போன்ற ஆட்டுச் சந்தைகளும் பக்கத்தில் உள்ள ஜில்லாவில் வேலை பார்க்கும் மருத்துவர் எவரும் இந்த ஈயைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இமையின் விளிம்பில் வாழும் பேன்களையும் உண்ணிகளையும் பற்றி விரிக்க வேண்டியது குறைவு. இமைமயிர் அடியில் தவிட்டுப் பொடி படிந்தது போலத் தெரிவது சில சமயம் அந்தரங்க மயிரில் வாழும் பேன் வகை ஒன்றின் ஈரும் எச்சமுமாய் இருக்கும். உற்றுப் பார்த்தால் மயிரடியைப் பற்றிக்கொண்டு பேனே அமர்ந்திருக்கும். ஒரே போர்வையையும் துண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தும் விடுதி வாழ்க்கையில் இது பரவ இடமுண்டு. பேனைப் பொறுக்கி, வாஸ்லீன் தடவி மூச்சடைக்கச் செய்து, உடனுறைபவர்களுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்து, துணிகளை வெந்நீரில் துவைத்தால் தீரும். பெரியவர்களுக்கு இது அந்தரங்க சம்பந்தத்தாலும் வருவதாதலால் நோயாளி கூசி ஒளிப்பார். குழந்தையின் இமையில் கண்டால் அதன் பாதுகாப்பைப் பற்றியும் மருத்துவர் விசாரிக்கக் கடமைப்பட்டவர். நாயிலிருந்தும் மாட்டிலிருந்தும் வரும் உண்ணி இமையில் கடித்துத் தொங்கினால், அதை மருவென்று நினைத்துக் கிள்ளி எறியாமல், வாய்ப்பகுதி உள்ளே தங்கிவிடாதபடி இடுக்கியால் எடுக்கச் செய்ய வேண்டும்.

ஒட்டுண்ணி அல்லாத அரிய நோய்களுள் ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். நம் சமூக வழக்கத்தோடு அது சம்பந்தப்பட்டது. ரத்தத்தில் உறைந்த நாரைக் கரைக்கும் பிளாஸ்மினோஜன் என்னும் புரதம் பிறவியிலேயே குறைந்திருக்கும் குழந்தைகளுக்கு, இமையின் உட்புறத்தில் மரக்கட்டை போன்று கெட்டிப்பட்ட சவ்வு படிகிறது. லிக்னியஸ் என்பது அதன் பெயர். வெட்டி எடுத்தால் நின்றுவிடும் என்று எண்ணி வெட்டினால், வெட்டிய காயத்திலேயே முன்னிலும் பெரிதாய்த் திரும்ப வளரும். ஈறு, மூச்சுக்குழாய் முதலிய இடங்களிலும் அதே சவ்வு தோன்றலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து கூடினால்தான் இந்நோய் வெளிப்படும். அத்தை மகள், தாய்மாமன் என்று முறை பார்த்துச் செய்யும் திருமணங்களில் அவ்வாறு கூடும் வாய்ப்பு மிகுகிறது. பிளாஸ்மினோஜனையே மருந்தாக ஏற்றும் சிகிச்சைக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இங்குள்ள குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பிளாஸ்மாவைச் சொட்டாக விட்டே சமாளிக்கிறார்கள். அதே 2021இல் இந்திய அரசு வெளியிட்ட அரிய நோய்க் கொள்கை பரம்பரையாக வரும் நோய்களையே பெரிதும் மனத்தில் கொண்டது. குளத்திலிருந்து வரும் அபூர்வ நோய்க்கு அதில் இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்ப் பட்டியலிலும் ரைனோஸ்போரிடியம் தன் பெயரால் இடம்பெறவில்லை. புறக்கணிக்கப்பட்டவற்றின் பட்டியலிலும் புறக்கணிக்கப்படுவது கொடுமை.

1819இல் சென்னையில் கண் மருத்துவமனை தோன்றியது. அதன் தலைவராயிருந்த எலியட் 1920இல் வெப்பமண்டலக் கண்நோய்களைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். இத்தகைய நீண்ட மரபு உள்ள நாட்டில், கண் சிவந்த தொழிலாளி முதலில் போய் நிற்கும் இடம் இன்னும் மருந்துக்கடையாகவே இருக்கிறது. எட்டு மணிக்கு ஷிப்டு; அரை நாள் போனால் அரை நாள் சம்பளம் போயிற்று. கடைக்காரர் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு எந்தச் சிவப்பையும் இரண்டு நாளில் தணித்துவிடும். சிவப்பை மறைக்கும், நோயைத் தீர்க்காது. மாதக்கணக்கில் விட்டால் கண்ணீரழுத்த நோயையும் பூஞ்சைப் புண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவருக்கும், 2012 முதல் நடக்கும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவருக்கும் மருத்துவ வசதி இல்லாமற் போகவில்லை. 2022இல் திருப்பூருக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அரவிந்த் முதலிய கண் மருத்துவமனைகள் கோவையில் இருக்கின்றன. வேற்று மாநிலத்திலிருந்து வந்து, அட்டையும் இல்லாமல், தமிழும் பேச வராமல் நிற்பவருக்குத்தான் இவையெல்லாம் எட்டாத தூரத்தில் நிற்கின்றன.

ஆதலால் மருத்துவரின் முதல் கேள்வி “கண்ணுல என்னங்க?” என்பதோடு நில்லாமல், “சொந்த ஊர் எதுங்க? அங்க எதுல குளிப்பீங்க? ஆடு மாடு வெச்சிருக்கீங்களா?” என்று தொடர வேண்டும்; வடமாநிலத் தொழிலாளியானால் அவருடைய மொழி தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டாவது கேட்க வேண்டும். இரண்டாவதாக, இமையிலிருந்து வெட்டிய எந்தக் கட்டியையும், அது எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், குப்பையில் போடாமல் ஃபார்மலின் புட்டியில் இட்டு, நோயாளியின் வயதோடும் சொந்த ஊர்ப் பெயரோடும் நோய்க்கூறு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். முதியவர் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வரும் கண்கட்டி, மேல்நாட்டில் அரிதாயும் நம் நாட்டு இமைப் புற்றுநோய்களில் கணிசமான பங்குடையதாயும் உள்ள எண்ணெய்ச் சுரப்பிப் புற்றாக இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடிக்க வேறு குறுக்கு வழி கிடையாது. ரைனோஸ்போரிடியமானாலோ, வித்துப்பைகள் சாதாரணச் சாயமேற்றிய ஒரே கண்ணாடித் தகட்டில் தெளிவாகத் தெரியும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அந்த ஊர்ப் பெயர்கள் ஜில்லா மருத்துவக் கல்லூரியில் ஒரு பதிவேட்டில் சேர்ந்துகொண்டே வருமானால், சில ஆண்டுகளில் எந்தக் கண்மாயை, எந்த ஊருணியை, எந்தப் பாறைக்குழியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பதிவேட்டிலிருந்தே தெரிந்துவிடும்.